செங்கல் இல்லாத கோயிலும் சத்தம் இல்லாத விண்வெளிப் போரும்



வீடியோ கேம் பற்றி ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதுகிறார் என்றால், 'விளையாடாதே, கண் கெட்டுப் போகும், போய்ப் படி' என்று முடிப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இந்தக் கோடை விடுமுறையில் நானே உட்கார்ந்து விளையாடினேன். அதுவும் விண்வெளிக் கப்பல்கள் ஒன்றையொன்று சுடும் விளையாட்டு. முதல் நாள் பத்து ஆட்டத்தில் ஒன்பதில் தோற்றேன். பத்தாவது ஆட்டத்தில் பேரனும் நானும் சேர்ந்தே சூரியனில் விழுந்தோம்!

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

பேரன் போட்ட சண்டை

எங்கள் ஊர் மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் இருக்கிறது. ஏழாம் வகுப்பு முடித்த என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். கூடவே அவன் அக்காவின் மடிக்கணினியும் வந்தது. அவள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. பழசு. ஆனாலும் ஓடும்.

நண்பன் வீட்டில் பார்த்த ஒரு புது விளையாட்டை அதில் ஏற்றப் பார்த்தான். வேற்றுக்கிரகவாசிகளைத் துரத்தித் துரத்திச் சுடும் விளையாட்டாம். 'நினைவகம் போதாது, கிராபிக்ஸ் கார்டு போதாது' என்று கணினி கையை விரித்துவிட்டது.

"தாத்தா, இது டப்பா! உங்க பென்ஷன்ல ஒரு புது கம்ப்யூட்டர் வாங்கித் தாங்களேன்."

"முதல்ல அந்த விளையாட்டோட அட்டைப் படத்தைக் காட்டு" என்றேன். மூலையில் 18 என்று ஓர் எண். "இது என்னடா?"

"தெரியலையே தாத்தா."

உங்களுக்குத் தெரியுமா? ஐரோப்பாவில் 2003 முதல் விளையாட்டுகளுக்கு 3, 7, 12, 16, 18 என்று வயது எண் போடுகிறார்கள். 18 என்றால் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும். சினிமாவுக்கு 'ஏ' சான்றிதழ் மாதிரி. இனி எந்த விளையாட்டைத் தொட்டாலும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

பேரனுக்கு வயது 12. "ஆறு வருஷம் கழிச்சுப் பேசலாம்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டான். ஆயா அவித்துக் கொடுத்த மல்லாட்டையைக்கூடத் தொடவில்லை.

எனக்கும் மனசு கேட்கவில்லை. 'விண்வெளிச் சண்டை ஆடவேண்டும்' என்பதுதானே பிள்ளையின் ஆசை? இந்தப் பழைய மடிக்கணினியில் ஆடக்கூடியது ஒன்றும் இல்லையா என்று தேடினேன். கிடைத்தது. விண்வெளிச் சண்டை விளையாட்டுகளுக்கெல்லாம் தாத்தா!

பெயர் 'ஸ்பேஸ்வார்'

1962-ம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சில இளைஞர்கள் உருவாக்கிய விளையாட்டு இது. நிரலை எழுதியவர்களில் முதன்மையானவர் ஸ்டீவ் ரஸ்ஸல். நண்பர்களில் பலர் அங்கே பொம்மை ரயில் ஓட்டும் சங்கத்தில் இருந்தவர்கள். விண்வெளிக் கதைகளை விழுந்து விழுந்து படிப்பவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்த கணினியின் பெயர் பி.டி.பி.-1. அலமாரிகள் வரிசையாக நிற்பது போல் இருக்கும். எடை சுமார் முக்கால் டன். விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் டாலர். நினைவகம் எவ்வளவு தெரியுமா? சுமார் 9 கிலோபைட்! இன்று உங்கள் அப்பாவின் செல்போனில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கே அதைப்போலச் சில நூறு மடங்கு இடம் வேண்டும்.

அந்த 9 கிலோபைட்டுக்குள்தான் ஒரு சூரியனையும் இரண்டு கப்பல்களையும் வானம் நிறைய நட்சத்திரங்களையும் அடைத்தார்கள்.

அந்தப் பழைய விளையாட்டை இன்றைய கணினியில் அப்படியே ஓட்டிப் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். செல்போனிலிருந்து இணையத் தொடர்பு கொடுத்து, மடிக்கணினியில் திறந்தேன். "விண்வெளிச் சண்டை, வர்றியா?" என்று குரல் கொடுத்தேன். கோபம் எங்கே போனதோ, ஓடி வந்தான்.

கறுப்புத் திரை. நடுவில் மினுங்கும் ஒரு சூரியன். ஊசி மாதிரி ஒரு கப்பல், ஆப்பு மாதிரி ஒரு கப்பல். அவ்வளவுதான்.

"இவ்வளவுதானா தாத்தா? சத்தமே இல்லையே!"

"விண்வெளியில் காற்று இருக்கா?"

"இல்லை."

"காற்று இல்லாமல் சத்தம் எப்படிடா வரும்? சினிமாவில் கப்பல் வெடிக்கும்போது 'டமால்' என்று கேட்கிறதே, அதுதான் தப்பு. இதுதான் சரி" என்றேன். அந்தக் கணினியில் சத்தம் இல்லாமல் போனது ஒரு வசதிக்குறைவுதான். ஆனால் அறிவியல்படி அதுவே சரியாகிவிட்டது!

பிரேக் இல்லாத கப்பல்

ஆளுக்கு நான்கு பொத்தான்கள். இடது பக்கம் திரும்ப, வலது பக்கம் திரும்ப, எஞ்சினை இயக்க, சுட.

பேரன் எஞ்சினை ஒரு அழுத்து அழுத்தினான். கப்பல் கிளம்பியது. கையை எடுத்தான். கப்பல் நிற்கவில்லை! போய்க்கொண்டே இருந்தது.

"தாத்தா, பிரேக் எது?"

"பிரேக் கிடையாது."

தரையில் சைக்கிள் மிதிப்பதை நிறுத்தினால் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். தரையின் உராய்வும் காற்றும் அதைத் தடுக்கின்றன. விண்வெளியில் தடுக்க ஆள் இல்லை. ஒருமுறை தள்ளிவிட்டால் அதே வேகத்தில் அதே திசையில் போய்க்கொண்டே இருக்கும். இதைத்தான் நியூட்டன் தம் முதல் விதியாக 1687-ல் வெளியிட்டார். வகுப்பில் நான் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி. பேரனுக்கு முப்பது நொடியில் புரிந்துவிட்டது.

சரி, எப்படித்தான் நிறுத்துவது? கப்பலை முன்னும் பின்னுமாக அப்படியே திருப்பி, போகிற திசைக்கு எதிராக எஞ்சினை இயக்கவேண்டும். அளவு குறைந்தால் நிற்காது. கூடினால் பின்னோக்கி ஓடும். இதற்குள் நடுவிலிருக்கும் சூரியன் வேறு இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த ஈர்ப்பு விசையை விளையாட்டில் சேர்த்தவர் டான் எட்வர்ட்ஸ் என்ற நண்பர். அருகில் போகப் போக இழுப்பு அதிகம். எரிபொருளும் அளவுதான். தீர்ந்தால் தீர்ந்தது.

முதல் அரை மணி நேரம் நாங்கள் ஒருவரை ஒருவர் சுடவே இல்லை. சூரியனில் விழாமல் இருப்பதே பெரும்பாடாகிவிட்டது!

விழுப்புரத்துக்காரர் போட்ட பிரேக்

"இது சும்மா விளையாட்டுத்தானே தாத்தா?" என்று கேட்டான்.

"2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் என்ன நடந்தது, ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"சந்திரயான்-3!"

நிலவில் காற்று கிடையாது. ஆகவே பாராசூட் உதவாது. அன்று விக்ரம் என்ற நம் தரையிறங்கு கலம், நிலவுக்கு மேல் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்குச் சுமார் 1.7 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. போகிற திசைக்கு எதிராக எஞ்சின்களை இயக்கித்தான் வேகத்தைக் குறைத்தார்கள். சுமார் 19 நிமிட வேலை. மாலை 6 மணி 4 நிமிடத்துக்கு மெதுவாகக் கால் ஊன்றியது.

அதற்கு முன் 2019 செப்டம்பர் 7-ம் தேதி சந்திரயான்-2-ன் கலம் இதே முயற்சியில் வேகம் சரியாகக் குறையாமல் நிலவில் மோதிவிட்டது. நாடே சோர்ந்துபோனது. நான்கு வருடம் உழைத்துக் குறைகளைச் சரிசெய்து மீண்டும் அனுப்பினார்கள். சந்திரயான்-3-ன் திட்ட இயக்குநர் யார் தெரியுமா? ப.வீரமுத்துவேல். நம் விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்தவர்!

இதைச் சொன்னதும் பேரன் கப்பலை இன்னும் கவனமாகத் திருப்பத் தொடங்கினான். விளையாட்டில் கப்பல் மோதினால் அடுத்த ஆட்டம் உடனே வரும். நிஜத்தில் அடுத்த ஆட்டத்துக்கு நான்கு வருடம் ஆகிறது.

தாத்தா, இது தப்பு!

மூன்றாம் நாள். பேரன் என்னைச் சுட்டான். குண்டு சூரியனை உரசிக்கொண்டு வந்து என் கப்பலில் பட்டது. நான் வெடித்தேன். அவன் குதிக்கவில்லை. திரையையே உற்றுப் பார்த்தான்.

"தாத்தா, இது தப்பு. சூரியன் கப்பலை இழுக்குது. குண்டை மட்டும் இழுக்கலையே! அது நேராவே போகுது."

குழந்தைகளே, அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? ஒன்பது முறை தோற்றதெல்லாம் மறந்துவிட்டது. அவன் சொன்னது முழுக்கச் சரி. அந்த விளையாட்டில் குண்டுகளை ஈர்ப்பு விசை பாதிக்காது. ஏன்? செய்தவர்களுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு கப்பல்களுக்கும் கணக்குப் போட்ட பிறகு, குண்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஈர்ப்புக் கணக்குப் போட அந்தக் கணினிக்கு நேரம் போதவில்லை. ஆகவே விட்டுவிட்டார்கள். இருப்பதை வைத்து எது முடியுமோ அதைச் செய்தார்கள்.

ஆனால் முடிந்த இடத்தில் சோம்பல்படவில்லை. முதலில் பின்னணி நட்சத்திரங்களை இஷ்டத்துக்குப் புள்ளி வைத்திருந்தார்கள். பீட்டர் சாம்சன் என்ற நண்பருக்கு அது பிடிக்கவில்லை. உண்மையான வானத்தின் வரைபடத்தைப் பார்த்து, நிஜ நட்சத்திரங்களை அதனதன் இடத்தில் வைத்துவிட்டார். திருவாதிரை நட்சத்திரம் இருக்கிற ஓரியன் கூட்டத்தைக்கூட அந்தத் திரையில் தேடலாம்!

வில்லின் நாணும் விண்கப்பலும்

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இந்த விளையாட்டை எழுத ஆரம்பிக்கச் சொல்லி நண்பர்கள் நச்சரித்தபோது, ஸ்டீவ் ரஸ்ஸல் நாட்களைக் கடத்திக்கொண்டே இருந்தாராம். சைன், கொசைன் கணக்கிடும் நிரல் தம்மிடம் இல்லை என்பது அவர் சொன்ன சாக்கு. ஆலன் கோட்டோக் என்ற நண்பர், கணினி தயாரித்த நிறுவனத்துக்கே போய், அந்த நிரல் இருந்த காகித நாடாக்களை வாங்கி வந்து அவர் முன்னால் வைத்துவிட்டார். சாக்கு தீர்ந்தது. வேலை தொடங்கியது! வீட்டுப் பாடத்துக்கு நீங்கள் சொல்லும் சாக்குகள் நினைவுக்கு வருகின்றனவா?

விளையாட்டுக்கு சைன் எதற்கு? கப்பல் சாய்வாகப் போகிறது என்று வையுங்கள். அது பக்கவாட்டில் எவ்வளவு நகர்ந்தது, மேலே எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால்தான் திரையில் புள்ளி வைக்க முடியும். கோணத்தைக் கொடுத்தால் அந்த இரண்டு அளவுகளையும் சொல்வதுதான் சைனும் கொசைனும்.

இந்த சைன் நம் நாட்டுப் பொருள்! கி.பி. 499-ல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில் இதற்கான எண்கள் 24 உள்ளன. அவர் சொன்ன சொல் 'ஜ்யா'. வில்லின் நாண் என்று பொருள். அது அரபு நாட்டுக்குப் போய் 'ஜிபா' ஆனது. அங்கிருந்து லத்தீனுக்குப் போனபோது, வேறொரு சொல் என்று தவறாகப் படிக்கப்பட்டு 'சைனஸ்' ஆனது. பிறகு 'சைன்'. வில்லின் நாணில் பிறந்த கணக்குதான் விண்கப்பலை நகர்த்தியது.

குறையே நிறையான கதை

1978-ல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டைச் செய்தார. வரிசை வரிசையாக இறங்கிவரும் வேற்றுக்கிரகவாசிகளைக் கீழேயிருந்து சுடவேண்டும். அத்தனை பேரையும் வரைந்து நகர்த்த அந்தக் கருவி திணறியது. அதனால் மெதுவாக நகர்ந்தார்கள். சுடச் சுட எண்ணிக்கை குறைந்தது. வேலை குறையக் குறைய, மிச்சம் இருந்தவர்கள் வேகமாக நகர்ந்தார்கள். கடைசி ஆள் பறந்தான்!

நிஷிகாடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். 'போகப் போகக் கஷ்டமாகும்' என்கிற அந்தப் பரபரப்புதான் உலகத்தையே அதன் முன்னால் உட்கார வைத்தது. கருவியின் குறை, விளையாட்டின் சிறப்பாகிவிட்டது.

நாலு 'இல்லை'

அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பேரனைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் குடைவரைக் கோயிலுக்குப் போனேன். பாறையைக் குடைந்து செய்த கோயில். வாசலில் பெரிய தூண்கள். இரண்டு ஓரங்களிலும் ஆளுயரத்தை மிஞ்சும் வாயிற்காவலர்கள். உள்ளே மூன்று கருவறைகள். பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும்.

தூணில் பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதன் கருத்தைச் சொன்னேன்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்தக் கோயிலைச் செய்தான்.

விசித்திரசித்தன் என்றால் புதுமையான மனம் படைத்தவன். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர் அது. 'இந்த நாலு பொருளும் இல்லையே, எப்படிக் கோயில் கட்டுவது' என்று அவன் கேட்கவில்லை. 'இந்த நாலும் இல்லாமல் கட்டினேன்' என்று பெருமையாகக் கல்லில் எழுதி வைத்தான். அவன் காலத்தில் செங்கல்லாலும் மரத்தாலும் கட்டிய கோயில்களில் எத்தனையோ அழிந்துபோயின. இது நிற்கிறது.

பேரன் தூணைத் தொட்டுப் பார்த்தபடி நின்றான். பிறகு மெதுவாக, "தாத்தா, நான் நாளைக்கு ஒண்ணு செஞ்சு பாக்கறேன்" என்றான்.

டப்பா கணினியில் செய்த வேலை

'ஸ்கிராட்ச்' என்று ஒரு மென்பொருள். இலவசம். கட்டங்களை அடுக்குவதுபோல் கட்டளைகளை அடுக்கி விளையாட்டு செய்யலாம். 2007-ல் வெளியிட்டவர்கள் யார் தெரியுமா? ஸ்பேஸ்வார் பிறந்த அதே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார்தான்! நம் தமிழ்நாட்டில் 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலும் இதைப் பற்றி இருக்கிறது.

பேரன் ஒரு சூரியனை வைத்தான். ஒரு கப்பல். ஒரு குண்டு. குண்டும் சூரியனால் இழுக்கப்படவேண்டும், அதுதான் அவன் குறிக்கோள். முதல் நாள் குண்டு கிளம்பிய இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. இரண்டாம் நாள் சூரியனை விட்டு விலகி ஓடியது. கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருந்தான். கண்ணீர் வரும் நிலைக்குப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் நோட்டுப் புத்தகத்தோடு என்னிடம் வந்தான். "தாத்தா, அந்த சைன் கணக்கைச் சொல்லித் தாங்க."

முப்பது வருடம் வாத்தியாராக இருந்தேன். சைன் கணக்கைத் தானாக வந்து கேட்ட முதல் ஏழாம் வகுப்புப் பிள்ளை அவன்தான்!

ஐந்தாம் நாள் குண்டு வளைந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் போய், அழகாக வளைந்து, மறுபக்கம் ஒளிந்திருந்த என் கப்பலில் பட்டது. 1962-ல் பெரியவர்களால் முடியாமல் விட்ட வேலை. செய்தது ஒரு பழைய மடிக்கணினி. இந்தமுறை நான் தோற்றதற்கு ஆயா எல்லோருக்கும் பாயசம் வைத்தாள்.

புதுக் கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை! ஆனால் இப்போது அவன் கேட்பது மாறிவிட்டது. 'அந்த விளையாட்டை ஆடணும்' என்று கேட்டவன், 'இதைச் செய்ய இந்த வேகம் போதலை' என்கிறான். யோசிக்கவேண்டிய கோரிக்கைதான்.

ஒரு வார்த்தை மட்டும். நாங்கள் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடவில்லை. கடிகாரத்தைப் பார்த்து வைப்பது பேரன் வேலை. விளையாட்டை நிறுத்த முடியாமல் தூக்கம், படிப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் அது விழுங்குமானால், அது ஒரு கோளாறு என்று உலக சுகாதார நிறுவனமே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. ஸ்பேஸ்வார் கப்பலுக்கு பிரேக் இல்லை. நமக்கு இருக்கவேண்டும்.

செய்து பாருங்கள்: உங்கள் கை எவ்வளவு வேகம்?

சுடும் விளையாட்டில் தாத்தா ஏன் தோற்றார்? கண்டுபிடிக்க 30 செ.மீ. ஸ்கேல் ஒன்று போதும்.

1. நண்பர் ஸ்கேலை மேல் நுனியில் பிடித்துத் தொங்கவிடட்டும். பூஜ்யம் கீழே இருக்கவேண்டும்.

2. பூஜ்யத்துக்கு நேராக உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

3. நண்பர் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விடவேண்டும். நீங்கள் டக்கென்று பிடிக்கவேண்டும். எந்த அளவில் பிடித்தீர்கள் என்று பாருங்கள்.

10 செ.மீ. என்றால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.14 நொடி. 15 செ.மீ. என்றால் 0.17 நொடி. 20 செ.மீ. என்றால் 0.20 நொடி. 25 செ.மீ. என்றால் 0.23 நொடி. எல்லாப் பொருளும் ஒரே கணக்கில் விழுவதால் இப்படிச் சொல்ல முடிகிறது. ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

பேரன் 20 செ.மீ.யில் பிடித்தான். நான் 28 செ.மீ.யில்! இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஸ்கேல் தரையில். வீட்டில் தாத்தா, ஆயா, அம்மா, அப்பா எல்லோருக்கும் வைத்துப் பாருங்கள். தோற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்!